முப்பத்திரண்டா, முப்பத்தெட்டா?

துப்பாக்கிக் கடையில் விற்பனையாளனாக நிற்பது, வைத்தியம் படிக்காதவன் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து மருந்து எழுதிக் கொடுப்பதைப் போன்ற பிழைப்பு. வருகிற ஒவ்வொருவரும் பயந்துபோய் வருகிறார்கள். என்ன பயம் என்று முழுதாகச் சொல்லமாட்டார்கள். ஆனால் எந்த மருந்து, எந்த அளவு என்று மட்டும் நாம் உடனே சொல்லிவிட வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூனில், மெர்ச்சண்ட் தெருவில் ஒரு வெள்ளைக்காரர் வைத்திருந்த கடையில் எட்டு வருஷம் இந்தப் பிழைப்பை நடத்தினேன். என் அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். என்னை ஏழாவது வரை இங்கிலீஷ் படிக்க வைத்தார். தமிழ் வீட்டிலும் பர்மிய பாஷை தெருவிலும் வந்துவிட்டன. துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் கேட்டலாக்கில் படித்ததுதான். காட்டுக்கோழி சுடப் போகிற துரைமார்களுக்கு முதலாளியே விற்பார். 'தற்காப்புக்கு ஒரு ரிவால்வர்' என்று வருகிறவர்களை என் பக்கம் தள்ளிவிடுவார், ஏனென்றால் அவர்கள்தான் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

பேச்சு முழுக்க 'போர்' பற்றித்தான் இருக்கும். போர் என்றால் சண்டை இல்லை, இங்கிலீஷில் குழாய் வாயின் அளவு. முப்பத்திரண்டு சின்னது, சட்டைப் பையில் அடங்கும். முப்பத்தெட்டு நடுத்தரம். நாலு ஐம்பத்தைந்து என்பது பட்டாளத்து அதிகாரிகளின் இடுப்பில் தொங்குவது. மற்றவர்களுக்கு அதற்கு லேசில் லைசென்ஸ் வராது. இந்த மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தால், வந்தவர் மூன்றையும் பார்ப்பார், பிறகு என் முகத்தைப் பார்ப்பார். "நல்லதா ஒண்ணு நீங்களே சொல்லுங்களேன்" என்பார். என்னைப் போலக் கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களே, அந்தப் பார்வை உங்களுக்குத் தெரியும். துணிக்கடையாக இருந்தாலும் மருந்துக்கடையாக இருந்தாலும் அதே பார்வைதான்.

சத்தம் போதும்

ரங்கநாதம் பிள்ளை பசுந்தாங் ஓடைக்கரையில் ஒரு அரிசி மில்லில் தலைமைக் குமாஸ்தா. சனிக்கிழமைதோறும் பாங்கிலிருந்து கூலிப் பணத்தை ரிக்‌ஷாவில் வைத்து மில்லுக்கு எடுத்துப் போவது அவர் வேலை. உள்ளே நுழைந்ததுமே, "இருக்கிறதுலயே பெரிசு எதுவோ அதைக் காட்டுங்க. லைசென்ஸெல்லாம் எங்க மானேஜர் துரை பார்த்துக்குவார்" என்றார். நான் முப்பத்தெட்டு போதும் என்றேன். அவர் கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் செங்கல் சுவர் எழுப்பி மணல் மூட்டை அடுக்கி வைத்திருப்போம். வாங்குகிறவர்கள் அங்கே சுட்டுப் பார்க்கலாம். அங்கே அழைத்துப் போய் நாலு ஐம்பத்தைந்தைக் கையில் கொடுத்தேன். எடையிலேயே மணிக்கட்டு தொங்கிவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை இழுத்தார்.

குண்டு எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை. பிள்ளையின் தலைப்பாகை ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற எங்களைப் பார்க்காமல், மணல் மூட்டையைப் பார்த்துக்கொண்டு அவர் பேச ஆரம்பித்தார். பக்கத்து மில்லில் இதே வேலை பார்த்த ராமானுஜம் என்பவரை முந்தின வாரம் பட்டப்பகலில், ஓடைப் பாலத்தின் மேலேயே குத்திப் போட்டார்களாம். இருபது வருஷச் சிநேகிதம். பையை விட்டுவிடுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லி வைத்திருந்தாராம். ராமானுஜம் பையை விடவில்லையாம். வரும் சனிக்கிழமை அதே பாலத்தில் இவர் போகவேண்டும். மில்லில் வேறு ஆள் போட மாட்டார்கள். வீட்டில் நாலு பெண்கள்.

எங்களுக்குச் சிரிப்பு போய்விட்டது. முப்பத்தெட்டைக் கொண்டுவந்து வைத்தேன். அதைத் தொடவே அவருக்குப் பயமாக இருந்தது. தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "சத்தம் மட்டும் முதல்ல சுட்டதாட்டம் வரணும், ஆனா யாரும் சாகக்கூடாது. அப்படி எந்த போராவது இருக்கா தம்பி?"

கூட்டினால் ஒன்பது

நெல் தரகர் ஊ பா சோ எண்களை நம்புகிறவர். என்னை 'சயா', அதாவது ஐயா, என்பார். அவருடைய ஜோசியர், துப்பாக்கி வாங்குவதானால் அதன் எண்ணைக் கூட்டினால் ஒன்பது வரவேண்டும் என்று சொல்லிவிட்டாராம். மேஜை மேல் இருந்ததை எல்லாம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து கூட்டினோம். முப்பத்திரண்டு, ஐந்து. முப்பத்தெட்டு, பதினொன்று, அதையும் கூட்டினால் இரண்டு. நாலு ஐம்பத்தைந்து, பதினாலு, அதையும் கூட்டினால் ஐந்து. கடைசியில் நாலு ஐம்பது என்று பழைய அளவு ஒன்று இருப்பது ஞாபகம் வந்து, சொல்லித் தொலைத்துவிட்டேன். சரியாக ஒன்பது. மனுஷர் எழுந்து நின்றுவிட்டார். அந்த அளவுக்கு அரசாங்கம் அனுமதி கொடுப்பதில்லை என்று பிறகுதான் சொன்னேன்.

நாலு மாசம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். முப்பத்தெட்டை வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றும் இல்லாமல் கிராமத்துக்குப் போகாதீர்கள் என்று நான் கெஞ்சாத குறை. அவர் நெல் எடுக்கப் போகிற பக்கமெல்லாம் அந்த வருஷம் கொள்ளைப் பயம். கடைசித் தடவை வந்தபோது இடது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. வாள்வெட்டு, மூன்று விரல் போய்விட்டது. வலது கையால் என் தோளைத் தட்டி, எனக்கே ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்: "முப்பத்தெட்டு கையில இருந்திருந்தா தலையே போயிருக்கும் சயா, ரெண்டாம் நம்பர் எனக்கு அவ்வளவு கெடுதல்."

ஆறு பொய்த் தோட்டாக்கள்

மா தின் என்று ஒரு பெண். தகப்பன் துறைமுகத்தில் வேலை பார்த்த தமிழர், தாய் பர்மியர். புருஷன் மர டிப்போவில் சூப்பர்வைசர். முந்தின மாதம் என்னிடம்தான் முப்பத்தெட்டு வாங்கிப்போனார். வீட்டில் நகை இருக்கிறது, அக்கம்பக்கம் சரியில்லை என்று சொல்லி வாங்கியவர். அவள் தனியாக வந்து, கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து மேஜையருகே வந்தாள். கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே ஆறு தோட்டா. "இதே மாதிரி வெடிக்காத தோட்டா உங்ககிட்ட கிடைக்குமா?" என்றாள். எதற்கு என்று கேட்டேன். கன்னத்தில் அப்பியிருந்த தனகாவை, பர்மியப் பெண்கள் பூசும் மரப்பட்டைக் குழம்பை, ஒரு விரலால் துடைத்துக் காட்டினாள். அதற்குக் கீழே வட்டமாகக் கன்றிப்போன அடையாளம். குழாய் வாயை அங்கே வைத்து அழுத்தினால் அந்த அளவு வட்டம்தான் விழும். எனக்கு அந்த அளவு நன்றாகத் தெரியும், நான்தானே அளந்து விற்றேன்.

எங்கள் கடையில் பின்னறையில் பழுது பார்க்கிற மிஸ்திரி ஊ போ லா. அறுபதை நெருங்கிய பர்மியர், அதிகம் பேசமாட்டார். அவரிடம் போய்ச் சொன்னேன். இது சட்டப்படி சரியா என்று நான் யோசித்துக்கொண்டு நிற்கையில், அவர் வெடிமருந்தை எடுத்துவிட்டு ஆறையும் மறுபடி மூடி, துடைத்து, வித்தியாசம் தெரியாமல் கையில் கொடுத்துவிட்டார். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. தற்காப்புக்கு என்று நானே விற்ற சாமானை நானே ஊமையாக்கி அனுப்புகிறேன். நாளைக்கு நிஜமாகவே கொள்ளைக்காரன் வந்து நின்றால்? அம்மா வீட்டுக்குப் போய்விடக்கூடாதா, போலீசில் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். அம்மா இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் புருஷனுக்கு இரண்டு சிநேகிதர்கள். நான் கொள்ளைக்காரன் விஷயத்தை மறுபடி எடுத்தேன்.

அவள் தோட்டாக்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "கொள்ளைக்காரன் வந்தா வருஷத்துக்கு ஒரு தடவை வருவான் தம்பி. இவரு தினம் வர்றாரு."

ஊரைக் காப்பாற்றுகிறவன்

ஒவ்வொரு வாடிக்கையாளரும் கடைசியில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "உங்க வீட்ல நீங்க எந்த போர் வெச்சிருக்கீங்க?" நான் புன்னகை செய்வேன். அவர்களும் ஏதோ ரகசியம் புரிந்ததுபோலப் புன்னகை செய்வார்கள். உண்மையில் என் வீட்டில் இருந்த ஒரே ஆயுதம் அரிவாள்மணை. என் சம்பளத்துக்கு ரிவால்வர் வாங்குவதும் முடியாது, கேட்டாலும் லைசென்ஸ் தரமாட்டார்கள்.

மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதையை ஒட்டிய வீடு எங்களுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வந்தோம். கதவு திறந்து கிடந்தது. பித்தளைப் பாத்திரங்கள், என் மனைவி பார்வதியின் இரண்டு பட்டுப்புடவைகள், கடைக்குப் போட்டுப் போகிற என் கோட்டு எல்லாம் போயிருந்தன. அந்தப் புடவைகளில் ஒன்று அவளுடைய செத்துப்போன அக்காவுடையது. தெருவே கூடிவிட்டது. துப்பாக்கிக் கடைக்காரன் வீட்டிலேயே கை வைத்துவிட்டானே என்று ஆளாளுக்கு வியந்தார்கள். நானும் சும்மா இருக்காமல், இந்த மாதிரி வீட்டுக்கு முப்பத்திரண்டே போதும், ஆனால் பகல் திருட்டுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். பழக்கதோஷம். பார்வதி காலிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "ஊரையெல்லாம் காப்பாத்தினது போதும், போய் ஒரு பூட்டு வாங்கிட்டு வாங்க."

ஐம்பது தோட்டா வேண்டாம்

மிஸ்டர் கோம்ஸ் கப்பல்களுக்கு ஆற்றில் வழிகாட்டும் பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்ட காலர், மரியாதையான பேச்சு. எந்த போர் நிச்சயமானது என்று கேட்டார். நான் வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். எதிரி எவ்வளவு தூரத்தில் நிற்பான் என்பதைப் பொறுத்தது என்றேன். "மிகவும் பக்கத்தில்" என்றார். முப்பத்தெட்டைத் தேர்ந்தெடுத்தார். லைசென்ஸ் எல்லாம் சரியாக இருந்தது. தோட்டா ஒரு டப்பா ஐம்பது என்று எடுத்து வைத்தேன். அவ்வளவு வேண்டாமே, ஒன்றிரண்டு தனியாகக் கிடைக்காதா என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனைவி முந்தின மாதம் இறந்ததையும், வீட்டில் பியானோவை யாரும் தொடுவதில்லை என்பதையும் பேச்சுவாக்கில் முன்பே சொல்லியிருந்தார். நான்தான் காதில் வாங்காமல் போரைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன்.

விசை கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, மிஸ்திரி பார்த்துக் கொடுப்பார், இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று பொய் சொன்னேன். சரியாக இரண்டாம் நாள் வந்தார். ஸ்பிரிங் வரவேண்டும் என்றார் ஊ போ லா. அதன் பிறகு தினமும் வர ஆரம்பித்தார். பின்னறையில் ஊ போ லாவோடு உட்கார்ந்து வெறும் தேநீர் குடிப்பார். எந்த மணல்திட்டு எந்த மழைக்காலத்தில் இடம் மாறும், எந்தக் கப்பல் எங்கே தட்டி நின்றது என்று ஆற்றைப் பற்றியே பேசுவார். மூன்று வாரம். ஒரு நாள் சிரிக்கக்கூடச் செய்தார். ஸ்பிரிங்கைப் பற்றி அவர் கேட்பதையே விட்டுவிட்டார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை அவர் வரவில்லை. புதன்கிழமை ஆற்றில், அக்கரையில் தாலா பக்கம், படகுக்காரர்கள் அவரைக் கண்டெடுத்தார்கள். அதே வெள்ளைச் சட்டை. செய்தியைக் கேட்டு நான் கவுண்டரில் கையை ஊன்றி நின்றுவிட்டேன். எப்படியோ, நம் கடைச் சாமானால் நடக்கவில்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஊ போ லா மிஸ்டர் கோம்ஸுக்கென்று வைத்திருந்த தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். "ஆத்துக்கு லைசென்ஸ் கிடையாது, குப்புசாமி" என்றார்.

பாவம் வேண்டாம்

லட்சுமணன் செட்டியார் ஒரு வட்டிக்கடையின் ஏஜெண்டு. மாதத்தில் பாதி நாள் டெல்டா ஊர்களுக்கு லாஞ்சுப் படகில் போய்வருவார். முப்பத்தெட்டைக் காட்டியபோது காதைப் பொத்திக்கொண்டார். "மனுஷனைக் கொல்ற சாமான் எனக்கு வேண்டாம். கிட்ட வர்றவன் பயந்து ஓடணும், அவ்வளவுதான். கொலைப் பாவத்தை நான் சுமக்கமாட்டேன்." எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. முப்பத்திரண்டை எடுத்துக் கொடுத்து, இது பெரிய காயம் பண்ணாது, ஆனால் உங்களுக்குப் போதும் என்றேன். கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தானே வெடித்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு டவலில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியே ஊர் ஊராக எடுத்துப்போனார். லாஞ்சில் ஒரு நாள் திருடர்கள் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடைக்கு வந்து அவரே சொன்னார். வருத்தத்தைவிட ஒரு நிம்மதி தெரிந்தது முகத்தில்.

இரண்டு மாசம் கழித்துப் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். துணியில் சுற்றிய ஒரு முப்பத்திரண்டை மேஜையில் வைத்தார். எண்ணைப் பார்த்து எங்கள் ரிஜிஸ்தரில் தேடினேன். செட்டியாருடையதுதான். அதை வைத்துக்கொண்டு வேறொரு லாஞ்சை மறித்திருக்கிறார்கள். சுக்கானைப் பிடித்திருந்தவன் கையைத் தூக்கச் சற்று நேரம் எடுத்திருக்கிறான். சுக்கானை விட்டால் லாஞ்சு கரையில் மோதிவிடுமே என்று பார்த்திருக்கிறான். ஒரே குண்டு. சிட்டகாங்கிலிருந்து வந்தவன், சின்ன வயசு, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லையாம். என் கை ரிஜிஸ்தரின் மேலேயே இருந்தது. இது சின்ன போராயிற்றே, பெரிய காயம் பண்ணாதே என்றேன். என்னமோ அந்தப் பையன் செத்தது கேட்டலாக்குக்கு விரோதம் என்பதுபோல.

விற்கும்போது செட்டியாரிடம் என்ன சொன்னீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். போதும் என்று சொன்னேன் என்றேன். அதை அவர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, கோபம் எதுவும் இல்லாமல் சொன்னார்: "நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க, போதுமானதா இருந்திருக்கு."

ஐந்து பலகை

செல்லையா முனிசிபாலிட்டியில் பில் கலெக்டர். தின்கன்ஜூனில் குடியிருந்தார். என்னைவிட நாலைந்து வயது சிறியவர். என்னை சார் என்பார். வசூல் பணத்தோடு தோட்டங்களுக்கு நடுவே தனி வழியில் நடக்கவேண்டிய வேலை என்பதால் லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். முப்பத்திரண்டா முப்பத்தெட்டா என்று மூன்று நாள் வந்து வந்து யோசித்தார். கவனமான மனுஷர். மூன்றாவது நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கேட்டலாக்கை எடுத்து அவர் பக்கம் திருப்பினேன். அதில் ஒவ்வொரு போருக்கும் எதிரே, முக்கால் அங்குலத்துக்கு மேல் கனமுள்ள பைன் மரப் பலகைகளை வரிசையாக நிறுத்திச் சுட்டால் எத்தனை பலகையைத் துளைக்கும் என்று போட்டிருக்கும். "முப்பத்திரண்டு மூணு பலகை. முப்பத்தெட்டு அஞ்சு பலகை. பாருங்க, அஞ்சு!" என்று விரலை விரித்துக் காட்டினேன். அவர் மூச்சை இழுத்து விட்டார். முப்பத்தெட்டையே கட்டித்தரச் சொன்னார். அந்த மாதம் நான் விற்பனைக்காகப் பேசிய பேச்சுகளில் அதுதான் கெட்டிக்காரத்தனமானது என்று முதலாளியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஏழெட்டு மாசம் கழித்துத் திரும்பி வந்தார். முகச்சவரம் செய்யவில்லை. துப்பாக்கியைக் காகிதத்தில் சுற்றி மேஜையில் வைத்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு நின்றபடியே சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் சொல்லிக் கொடுத்தபடியே பாயை விரித்து எண்ணெய்த் துணி வைத்துத் துடைத்திருக்கிறார். தோட்டாக்களைக் கழற்றி வரிசையாக எண்ணி வைத்திருக்கிறார். ஐந்துதான் இருந்தது. ஆறாவதை எங்கேயோ முன்பே எடுத்து வைத்துவிட்டதாக நினைத்தாராம். அடுத்த வீட்டில் டோ சோ என்று ஒரு அம்மாள், காலையில் மொஹிங்கா, அதாவது மீன்குழம்பு ஊற்றிய சேவை, விற்றுவிட்டு மத்தியானத்தில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். செல்லையாவின் மனைவி பிரசவித்தபோது பத்து நாள் சமைத்துப் போட்டவள். இவருடைய மகள் முதலில் பேசிய வார்த்தையே அந்த அம்மாளைக் கூப்பிட்ட பர்மிய வார்த்தைதானாம். துடைக்கையில் வெடித்த சத்தத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூச்சலும் வரவில்லை என்றார். அதுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது என்றார்.

மாஜிஸ்திரேட் தற்செயல் என்று தீர்ப்பளித்து விட்டுவிட்டார். டோ சோவின் மகன் கோர்ட்டு வாசலில் இவர் கையைப் பிடித்து, 'அம்மாவின் விதி' என்று சொல்லியிருக்கிறான். இவர் மகள் இன்னும் பலகையைத் தட்டி அந்த அம்மாளைக் கூப்பிடுகிறாள். வீடு மாறலாம் என்றால் மனைவி வரமாட்டேன் என்கிறாள். அந்தப் பையனுக்குச் சமைத்துப் போட ஆள் இல்லை என்கிறாள். உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. தண்ணீர் வேண்டாம் என்றார். துப்பாக்கியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முதலாளியிடம் கேட்கிறேன் என்றேன். அவர் என்னைக் குற்றம் சாட்ட வந்தவர் போலவே இல்லை. ஒரு கணக்கு விடை வராமல் வாத்தியாரிடம் வந்து நிற்கிற மாதிரி நின்றார். மேஜை ஓரத்தில் கிடந்த அந்தக் கேட்டலாக்கையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அஞ்சு பலகை துளைக்கும்னு சொன்னீங்க சார். எங்க வீட்டுச் சுவரு ஒரு பலகைதான்."

\*

இப்போது நான் மொகல் தெருவில் ஒரு குடைக்கடையில் நிற்கிறேன். இங்கேயும் பெரியதா சின்னதா, நல்லதா ஒண்ணு நீங்களே சொல்லுங்களேன் என்றுதான் கேட்கிறார்கள், ஆனால் நான் தப்பாகச் சொன்னால் ஆள் நனைவதோடு போய்விடுகிறது.